பிள்ளை முகம் ஏன் இருட்டடிக்கிறது?

காசிமேட்டில் காலை ஏழு மணி. கடலுக்கு முன்னால் குழந்தையை நிறுத்தி செல்ஃபோனில் படம் எடுக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கடல் பளபள. பிள்ளை முகம் மட்டும் இருட்டு! "இந்த ஃபோனே சரியில்லைங்க" என்று அவரிடம் அலுத்துக் கொள்கிறீர்களா?

ஃபோன் மேல் தப்பில்லை. நம் ஊரில் சூரியன் கடல் பக்கம் உதிக்கிறான். பின்னாலிருந்து அடிக்கும் வெளிச்சத்தைப் பார்த்துக் காமிரா மொத்த ஒளியையும் குறைத்துவிடும். திரையில் குழந்தையின் முகத்தை விரலால் தொடுங்கள். முகம் தெளியும், வானம் சற்று வெளுக்கும், போகட்டும். இரண்டும் வேண்டுமென்றால் மாலையில் போங்களேன்! அதற்கும் முன்னால் லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். உப்புக்காற்றும் சமையல் எண்ணெயும் படிந்தால் படம் மங்கத்தானே செய்யும்?

எடுத்த பின், சாய்ந்த கடல்கோட்டை நேராக்குங்கள். 'ஷேடோஸ்' என்பதைக் கொஞ்சம் ஏற்றினால் நிழல் விலகும். அத்தோடு நிறுத்துங்கள். முகத்தை வெளுக்க வைக்கும் 'பியூட்டி' பக்கம் போகாதீர்கள். நான் போனேன். எங்கள் சின்னவள் படத்தைப் பார்த்து, "இது யாரும்மா?" என்றாள். சுருக்கென்றது. கறுப்பு அழகில்லை என்று நானே சொல்லிக் கொடுத்துவிட்டேனே!

2017-இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் எம். பழனி குமார், வடசென்னைப் பிள்ளைகளுக்கும் புகைப்படம் கற்பித்தவர். மீன் விற்ற தம் தாயையே படமெடுத்தவர். நம் அம்மாக்களையும் வேலைக்கு நடுவே எடுத்துப் பாருங்கள். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தால் போதும், ஃப்ளாஷ் வேண்டாம்.

திருத்துவதெல்லாம் நகலில் இருக்கட்டும், அசலை அழிக்காதீர்கள். நான் அழித்துவிட்டேன். சின்னவளின் நாலு வயசு முகம் இப்போது அந்த வெளுத்த படத்தில் மட்டும்தான் இருக்கிறது.