யூரியா மூட்டைக்குள் முப்பது லிட்டர் டீசல்

போர் எங்கோ நடக்கிறது. யூரியா மூட்டை அதே 266 ரூபாய் 50 காசு. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தபோதும் அதே விலை. 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் 12 நாள் மோதிக்கொண்டபோதும் அதே விலை. "எண்ணெய் ஏறினா எனக்கென்ன, எறங்கினா எனக்கென்ன?" என்று ஒரு உழவர் கேட்டால் அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. விலை அவர் கண்ணில் படவே இல்லையே.

அந்த மூட்டையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். உள்ளே 45 கிலோ. யூரியாவுக்கு மூலப்பொருளும் இயற்கை எரிவாயுதான், அதைச் செய்யும் ஆலைக்கு எரிபொருளும் பெரும்பாலும் அதுதான். நம் நாட்டு ஆலைகளில் ஒரு டன் யூரியா செய்ய ஏறத்தாழ 60 லட்சம் கிலோ கலோரி செலவாகிறது. மூட்டைக்குக் கணக்குப் போட்டால் 2 லட்சத்து 70 ஆயிரம். ஒரு லிட்டர் டீசலில் இருப்பது சுமார் 9,000 கிலோ கலோரி. ஆக, ஒரு மூட்டை யூரியா என்பது 30 லிட்டர் டீசல். டிராக்டர் மணிக்கு நாலைந்து லிட்டர் குடிக்கும் என்று வைத்தால் ஆறேழு மணி நேரம் உழுகிற டீசல். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும் காலத்தில், அதை 266 ரூபாய்க்குத் தூக்கிக்கொண்டு போகிறோம்.

மீதிப் பணம் வானத்திலிருந்து வரவில்லை. மத்திய அரசின் உர மானியம் 2021-22இல் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கோடி ரூபாய். போர் வந்த 2022-23இல் அது இரண்டரை லட்சம் கோடி. டி.ஏ.பி. மூட்டை கடையில் 1,350 ரூபாய்தான். அந்த ஒரு மூட்டைக்கு அரசு தந்த மானியம் 1,650 ரூபாயிலிருந்து 2022 ஏப்ரலில் 2,501 ரூபாய் ஆனது. வாங்குகிற விலையைவிட மானியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு!

மணலி உர ஆலையும் இந்தக் கதைக்குள் வருகிறது. கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் நாப்தாவை வைத்துத்தான் அங்கே பல காலம் யூரியா செய்தார்கள். 2019இல் எரிவாயுவுக்கு மாறினார்கள். எண்ணூரில் கப்பலில் வந்து இறங்கும் திரவ எரிவாயுதான் அதற்கு வழி செய்தது. நம் நாடு இறக்குமதி செய்யும் திரவ எரிவாயுவில் அதிகம் தருவது கத்தார். அந்தக் கப்பல்கள் ஈரானை ஒட்டிய ஹோர்முஸ் நீரிணையைத் தாண்டித்தான் வர வேண்டும். அங்கே ஒரு குண்டு விழுந்தால் நம் நெல் வயலுக்குக் கேட்கும்.

இதை எழுதும் நான் இருப்பது வயலே இல்லாத கீழ்க்கட்டளையில். தாம்பரம் மாநகராட்சிக்குள் இப்போது சேர்ந்துவிட்ட ஊர். ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி. கீழ்க்கட்டளை ஏரி நிறைந்தால் நாராயணபுரம் ஏரிக்கு, அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்புக்கு என்று தண்ணீர் போகும் பாதை இன்னும் இருக்கிறது. வயல்தான் மனை ஆகிவிட்டது. அதனால் இங்கே எண்ணெய் வேறு உருவத்தில் வருகிறது: தண்ணி லாரி. கோடையில் மேடவாக்கம் சாலையில் நின்று பாருங்கள். 12,000 லிட்டர் லாரி என்றால் 12 டன் எடை. புறநகர்க் கிராமங்களில் விவசாயக் கிணற்றிலும் ஆழ்துளையிலும் இறைத்து, டீசல் எரித்து, ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கும் அடுக்ககத்துக்குக் கொண்டு வந்து ஊற்றுகிறார்கள். ஊர்க்காரர்கள் "தண்ணி ரேட்டு ஏறிப்போச்சு" என்பார்கள். டீசல் ஏறியது என்று யாரும் சொல்வதில்லை.

சரி, எண்ணெய் விலை ஏறினால் சூரியனுக்கும் காற்றுக்கும் மாறிவிடுவோம் என்று பேசுகிறார்களே, அது நடக்கிறதா? ஐம்பது வருடப் பழைய கணக்கு ஒன்று நம்மிடம் இருக்கிறது.

1973 அக்டோபரில் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் போர் மூண்டது. மூன்று டாலர் அளவில் இருந்த ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. அன்று மானியத் திரை இவ்வளவு கனமாக இல்லை. 1974இல் யூரியா விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது, உழவர் கையில் நேரடியாகச் சுட்டது. பிறகு 1979இல் ஈரான் புரட்சி, 1980இல் ஈரான்-ஈராக் போர் என்று இன்னொரு ஏற்றம். தில்லிக்கு அப்போதுதான் சூரியனும் சாணமும் நினைவுக்கு வந்தன. 1981இல் மாற்று எரிசக்திக்கு ஓர் ஆணையம், 1982இல் தனித் துறை, 1981-82 முதல் தேசிய சாண எரிவாயுத் திட்டம். தமிழ்நாட்டில் எரிசக்தி மேம்பாட்டு முகமையும் 80களின் நடுவில் வந்ததுதான்.

சாண எரிவாயுவைக் கதர் கிராமத் தொழில் ஆணையம் அதற்கு முன்பே பரப்பி வந்தது. மானியம் வந்த பிறகு வேகம் பிடித்து, நாடு முழுக்க 50 லட்சம் கலன்கள் அளவுக்குக் கட்டியதாகக் கணக்கு. அவற்றில் எத்தனை எரிகின்றன என்று உங்கள் ஊரிலேயே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். 1986இல் எண்ணெய் விலை பாதிக்கும் கீழே சரிந்தது. அவசரம் போனதும் அக்கறையும் போனது. இரும்பு மூடி துருப்பிடித்தது, பழுது பார்க்கக் கொத்தனார் இல்லை, மாடு குறைந்தது, சிலிண்டர் வந்தது. அந்த சிலிண்டருக்குள் இருக்கும் எரிவாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதி, அதுவும் வளைகுடாவிலிருந்து! தொழுவத்தில் இருந்த அடுப்பைக் கொண்டுபோய்க் கடலுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டோம். 2022இல் சிலிண்டர் ஆயிரம் ரூபாயைத் தாண்டியபோது கோபர் கேஸ் பற்றி மறுபடி பேச்சு எழுந்தது. 2023 ஆகஸ்டில் 200 ரூபாய் குறைத்தார்கள், பேச்சும் அடங்கிவிட்டது.

காற்றாலை மட்டும் பிழைத்தது. 1986இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் அரசு சில சிறிய காற்றாலைகளை நட்டது. பின் கயத்தாறு, முப்பந்தல். 1990இல் குவைத்துக்குள் ஈராக் புகுந்தபோது நம் நாட்டின் அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலைக்கு வந்து, தங்கத்தை அடகு வைக்க வேண்டியதானது. அதையொட்டி வந்த மாற்றங்களில் மின் உற்பத்தி தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. காற்றாலை போட்டால் அதன் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வருமான வரி குறைக்கலாம் என்ற சலுகையும் இருந்தது. உற்பத்தி செய்த மின்சாரத்தை மின்வாரியக் கம்பி வழியே தன் ஆலைக்குக் கொண்டுபோகலாம், காற்று அடிக்கும்போது வாரியத்திடம் சேர்த்துவைத்துப் பின்னால் எடுத்துக்கொள்ளலாம். ஆரல்வாய்மொழி முதல் உடுமலை, பல்லடம் வரை இறக்கைகள் சுழன்றன. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அடிக்கல் நாட்டியது எண்ணெய் அதிர்ச்சி என்றாலும், 90களில் எண்ணெய் மலிவாகக் கிடந்தபோது அதை வளர்த்தது வரிச் சட்டமும் வாரிய ஒப்பந்தமும்தான். கதை நல்ல கதை. ஒரு குறை: காற்றாலைக்கு உரிமையாளர்கள் பெரும்பாலும் நூற்பாலைகளும் நிறுவனங்களும். புஞ்சை நிலத்தை ஏக்கர் கணக்கில் விற்றவர்தான் நம்ம ஆள்.

விலை ஏறுவது ஒரு வகை அதிர்ச்சி. எண்ணெயே வராமல் நின்றுபோனால்? தமிழர்கள் அதையும் வாழ்ந்து பார்த்திருக்கிறார்கள். 1990 ஜூனில் இலங்கையில் போர் மீண்டும் மூண்ட பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல், டீசல், பேட்டரி, மெழுகுவர்த்தி, யூரியா எல்லாவற்றுக்கும் தடை. தெற்கிலிருந்து வந்த மின்சாரமும் நின்றது. சில சொட்டு பெட்ரோலில் பற்றவைத்துப் பிறகு மண்ணெண்ணெயில் பழைய கார்களை ஓட்டினார்கள். ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெய் விட்டு மெல்லிய திரி வைத்து, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் கிணற்றுப் பாசனத்தில் விளையும் மண் அது. மண்ணெண்ணெய் கிடைக்காத இடத்தில் பம்பு நின்றது, துலா திரும்பி வந்தது. பூவரசங்குழையை வெட்டி மண்ணில் தாழ்ப்பது அங்கே பழைய வழக்கம்.

இதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, எண்ணெய் இல்லாமலே வாழலாம்" என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்புதல் இல்லை. அந்த மக்கள் விரும்பி எடுத்த வாழ்க்கை இல்லை அது. வலிந்து திணித்த பஞ்சம். அதே தீவில் 2021 ஏப்ரலில் அரசே ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தியது. இயற்கை வேளாண்மை என்று பெயர் சொன்னார்கள், ஆனால் டாலர் தட்டுப்பாடும் பின்னால் நின்றது. தொழு உரம் இல்லை, பசுந்தாள் விதை இல்லை, பயிற்சி இல்லை. நெல் விளைச்சல் விழுந்தது. நவம்பரில் தடையை விலக்கினார்கள். 2022இல் உக்ரைன் போரால் எண்ணெய் விலையும் ஏற, பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை. இயற்கை வேளாண்மைக்கு எதிரானவர்கள் இன்றும் இதைத்தான் நம் முகத்தில் வீசுகிறார்கள். மூன்று நான்கு பருவம் எடுத்துச் செய்ய வேண்டிய வேலையை மூன்று நான்கு நாளில் செய்தால் எந்த வேளாண்மையும் விழும்.

நம் நாட்டில் 2022இல் நடந்தது இன்னும் விசித்திரம். எண்ணெயை எரித்து நாம் மின்சாரம் எடுப்பது மிகக் குறைவு, நிலக்கரிதான் பெரும்பகுதி. அதனால் எண்ணெய் அதிர்ச்சி வந்ததும் சூரியத் தகடு கூடும் என்பது நேர்க்கணக்கு இல்லை. அந்தக் கோடையில் மின்வெட்டு வந்தபோது மத்திய அரசு மின்சாரச் சட்டத்தின் 11ஆம் பிரிவைப் பயன்படுத்தி, இறக்குமதி நிலக்கரி ஆலைகளை முழு அளவில் ஓட்டச் சொன்னது. ரஷ்யா தள்ளுபடியில் எண்ணெய் தந்தது, வாங்கிக்கொண்டோம். சூரியத் தகடுகளுக்கு அதே ஏப்ரலில் 40 சதவீதச் சுங்க வரி. விலைவாசியை அடக்க ரிசர்வ் வங்கி வட்டியை 4 சதவீதத்திலிருந்து 6.5 வரை கொண்டுபோனது. சூரியத் தகட்டுக்கு எரிபொருள் செலவு கிடையாது, ஆனால் முழுப் பணமும் முதல் நாளே வேண்டும். வட்டி ஏறினால் முதலில் அடிபடுவது அதுதான். எண்ணெய் விலை ஒரு கையால் தள்ளியதை, அதனால் ஏறிய வட்டி இன்னொரு கையால் பிடித்து இழுத்தது.

தமிழ்நாட்டு உழவருக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. இலவச மின்சாரம் நமக்கு யாரும் பிச்சை போட்டதில்லை. நாராயணசாமி நாயுடு காலத்தில் மின் கட்டண உயர்வை எதிர்த்துத் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்த போராட்டம் அதன் பின்னால் இருக்கிறது. அதை விட்டுக்கொடுக்கச் சொல்ல நான் யார்? ஆனால் இணைப்பு உள்ளவருக்குச் சோலார் பம்பில் லாபம் எதுவும் தெரியாது என்பதும் உண்மை. இணைப்புக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் டீசல் என்ஜினோடு காத்திருப்பவருக்குத்தான் அது முதலில் போக வேண்டும். வேளாண் பொறியியல் துறை வழியே 60 சதவீத மானியம் இருக்கிறது. மீதி 40ஐப் புரட்ட முடியாமல்தான் பலர் நிற்கிறார்கள். உர மானியத்தில் போரால் கூடிய ஒரு லட்சம் கோடியில் ஒரு துளி இந்தப் பக்கம் வந்திருந்தால், அந்த டீசல் நிரந்தரமாக நின்றிருக்கும்.

எங்கள் பக்கத்து மாடிகளிலும் இதே கதை. 2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் தனி வீட்டுக்கு 3 கிலோவாட் வரை 78,000 ரூபாய் மானியம். அடுக்ககப் பொது மின்சாரத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000. மாடி எல்லாருக்கும் பொது என்பதால் ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டாலும் நின்றுவிடும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் சிறு வீட்டுக்காரருக்கு அவசரமும் இல்லை. கீழே தண்ணி லாரி வந்து நிற்கும்போது மட்டும் கூட்டம் கூடுகிறது. என்னைக் கேட்டால், இந்தப் பகுதியில் சூரியத் தகட்டுக்கு முன்னால் செய்ய வேண்டியது ஏரியில் சாக்கடை கலப்பதை நிறுத்துவதும் வரத்துக் கால்வாயைத் திறப்பதும்தான். நிலத்தடியில் நிற்கும் தண்ணீருக்கு டீசல் வேண்டாம்.

அதே போலத்தான் யூரியாவும். 30 லிட்டர் டீசலைச் சூரியத் தகட்டால் ஈடுகட்டுவதைவிட, அதைக் கேட்காமலே இருப்பது எளிது. ஒரு மூட்டை யூரியாவில் இருக்கும் தழைச்சத்து 20.7 கிலோ. தக்கைப்பூண்டு நன்றாக வளர்ந்தால் ஏக்கருக்கு 25 கிலோவுக்குக் குறையாமல் தழைச்சத்து சேர்க்கும். அதன் வேர் முடிச்சில் இருக்கும் நுண்ணுயிர், காற்றிலிருந்து இந்த வேலையை வெயிலின் ஆற்றலில் செய்கிறது. மணலியில் எரிவாயுவை எரித்துச் செய்வதும் இதே வேலைதான். மாநில அரசு 2024-25இல் கொண்டு வந்த மண்ணுயிர் காக்கும் திட்டத்தில் பசுந்தாள் விதைக்கு மானியம் வைத்தார்கள். உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் விதை இருப்பு இருக்கிறதா என்று சம்பாவுக்கு முன்பே கேட்டு வையுங்கள். ஏக்கருக்கு 20 கிலோ விதை போதும். 45ஆம் நாள், பூ எடுக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். விட்டால் தண்டு நாராகி மக்க நாளாகும். உழுத பின் ஒரு வாரம் பத்து நாள் தண்ணீர் கட்டி வைத்து, அப்புறம் நடவு போடலாம்.