எறிவதா, கொடுப்பதா?

கூடைப்பந்து உன் கையில். எதிரே பத்தடி உயரத்தில் வளையம். வளையத்துக்குப் பக்கத்தில் உன் தோழி கையை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். பந்தைத் தட்டிக்கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துகிற பாயிண்ட் கார்டு நீதான். நீயே எறிவதா, அவளுக்குக் கொடுப்பதா? சீக்கிரம்! 24 நொடிக்குள் உன் அணி எறிந்தாக வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருந்து நீ எறிந்தால் பத்தில் நான்கு விழுகிறது என்று வைத்துக்கொள். மொத்தம் 12 புள்ளி. தோழிக்குப் பத்தில் ஐந்து விழுகிறது. ஆனால் கிட்டே நின்று போடுவதால் ஒன்றுக்கு இரண்டு புள்ளிதான். மொத்தம் 10. அதிகம் தவறவிடுகிற உன்னால்தான் அணிக்கு லாபம்! அப்படியானால் எப்போதும் நீயே எறிந்துவிடலாமே?

எதிரணி சும்மா இருக்குமா? தொடர்ந்து நீயே எறிந்தால் உன்னை மறிக்க இரண்டு பேர் ஓடி வருவார்கள். பத்தில் நான்கு மூன்றாகும். 12 புள்ளி 9 ஆகிவிடும். எறிய எறிய உன் எறியின் மதிப்பு இறங்குகிறது.

2010-இல் பிரையன் ஸ்கின்னர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதைச் சாலை நெரிசலோடு ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். குறுக்குச் சந்து நல்ல வழிதான். ஊர் வண்டியெல்லாம் அதிலேயே புகுந்தால்? பந்து வளையத்துக்குப் போகிற வழிகளும் அப்படித்தான். மிக நல்ல வழியையே திரும்பத் திரும்பப் பிடித்தால் அணிக்கு நஷ்டம்.

கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் ஸ்டீபன் கறி (சிரிக்காதே, அவர் குடும்பப் பெயரே அதுதான்) 2015-16 பருவத்தில் 886 முறை மூன்று புள்ளிக்கு எறிந்து 402 முறை கூடையில் போட்டார். எறிக்குச் சராசரி 1.36 புள்ளி. இரண்டு புள்ளி எறிகளில் இதை ஈடுகட்ட நூற்றுக்கு 68 விழ வேண்டும்! அதனால் கோட்டுக்கு வெளியிலேயே இரண்டு பேர் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். அவர் பந்தை அணித்தோழர் டிரேமண்ட் கிரீனிடம் தள்ளிவிடுவார். இப்போது முன்னால் நான்கு பேர், தடுக்க மூன்றே பேர். கறி எறியவே இல்லை. எறிந்துவிடுவாரோ என்ற பயம் வேலையை முடித்துவிட்டது.

யூட்டா ஜாஸ் அணியின் ஜான் ஸ்டாக்டன் நேர் எதிர். 19 பருவங்களில் 15,806 அசிஸ்ட். அதாவது அவர் கொடுத்த பந்தை வாங்கியவர் கூடையில் போட்டது அத்தனை முறை. இந்த அணிகள் ஆடுகிற அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏ-வில் யாரும் இன்னும் அதைத் தொடவில்லை. எனக்குப் பிடித்தது வேறொரு எண்: அவரே எறிந்தபோது நூற்றுக்கு 51-க்கு மேல் விழுந்திருக்கிறது. எப்படியும் கொடுக்கத்தான் போகிறார் என்று எதிராளி ஒரு கணம் விலகி நின்றிருப்பார் என்பது என் ஊகம்.

சரி, உன் ஆட்டத்துக்கு வா. உன்னை நோக்கி எத்தனை பேர் ஓடி வருகிறார்கள்? இரண்டா? தோழி இன்னும் கையை ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.