கம்பிக்கு அடியில் இருப்பதும் உங்கள் பல்தான்

பல்லில் போட்ட கிளிப்பைக் கழற்றும் நாளுக்காகப் பிள்ளைகள் நாள் எண்ணிக் காத்திருப்பார்கள். பல் வரிசையும் அழகாக வந்திருக்கும். ஆனால் சிலருக்கு அன்றைக்குத்தான் ஒரு குறை கண்ணில் படும். கம்பியைத் தாங்கும் பிராக்கெட் ஒட்டியிருந்த இடம் மட்டும் நன்றாக இருக்க, அதைச் சுற்றிலும் சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளைத் திட்டு. பழியைக் கம்பியின் மேல் போடுவோம். உண்மையில் அது கம்பியைச் சுற்றித் தங்கிய அழுக்கு செய்த வேலை.

வாயில் இருக்கும் பாக்டீரியாக்கள் நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் அமிலமாக மாற்றுகின்றன. பிஎச் அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால், பல்லின் மேல்பூச்சான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து, இழந்த தாதுக்களை மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுக்கும். கம்பி இல்லாத பல்லை நாக்கும் கன்னமும் உரசி உரசி ஓரளவு துடைத்துவிடும். கம்பி போட்ட பல்லில் ஒவ்வொரு பிராக்கெட்டின் ஓரமும் சோற்றுப் பருக்கை ஒதுங்கும் மூலை ஆகிவிடுகிறது. அங்கே அழுக்குப் படலம் அப்படியே கிடந்தால் நான்கே வாரத்தில் வெள்ளைத் திட்டு தெரிய ஆரம்பிக்கலாம். மருத்துவர் உங்களைப் பார்ப்பதோ மாதம் ஒருமுறை. இடைப்பட்ட நாள்களில் பல்லுக்குக் காவல் நீங்கள்தான்.

ஒருநாள் கீரைச் சாதம் சாப்பிட்டுவிட்டு, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று பாருங்கள். கம்பிக்குப் பின்னால் ஒரு கீரைத் துணுக்கு, பிராக்கெட்டில் மாட்டிய ரப்பர் வளையத்தின் அருகே கடுகுத் தோல், ஈறை ஒட்டி வெண்மையாக ஒரு கோடு. பிரஷ் போகவேண்டிய இடங்களை அவையே காட்டிக்கொடுக்கும்.

முதலில் தண்ணீர் விட்டு நன்றாகக் கொப்பளியுங்கள். மென்மையான பிரஷை ஈறுப் பக்கமிருந்து 45 டிகிரி சாய்த்து, பிராக்கெட்டின் ஈறுப் பக்க ஓரத்தைச் சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். பிறகு எதிர்ப்பக்கமிருந்து சாய்த்து மறு ஓரம். அதன்பின் பல்லின் உட்புறமும் மெல்லும் பரப்பும். கடைசியாக, பால் புட்டி கழுவும் பிரஷைப் போலவே இருக்கும் மிகச் சிறிய இடைப்பல் பிரஷைக் கம்பிக்கு அடியில் நுழைத்து, ஒவ்வொரு பல்லாக மேலும் கீழும் இழுங்கள். இது மருந்துக்கடையிலேயே கிடைக்கும். எல்லாம் முடிய நான்கைந்து நிமிடம் ஆகும். காலையும் இரவும் இதைச் செய்யவேண்டும். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவாகச் சுரப்பதால், இரவில் தேய்க்காமல் படுப்பதுதான் பெரிய கெடுதல். மதியம் பள்ளியிலோ அலுவலகத்திலோ தேய்க்க வசதி இல்லாவிட்டால், கொப்பளிக்கவாவது வேண்டும்.

ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டையே வாங்குங்கள். தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும். உடனே தண்ணீர் விட்டு அலசினால் ஃபுளோரைடும் கூடவே போய்விடும். ஈறில் இரத்தம் வந்தால் பயந்து பிரஷை ஒதுக்கி வைக்காதீர்கள். பெரும்பாலும் அங்கே அழுக்கு சேர்ந்திருப்பதால்தான் ஈறு வீங்கிக் கசிகிறது. மென்மையாகத் தொடர்ந்து தேய்த்தால் சில நாளில் அடங்கும். அடங்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சாப்பாட்டில் இரண்டு வகைக்கு விடை கொடுக்கவேண்டும். முறுக்கு, சீடை, கடலைமிட்டாய், கரும்பு, ஐஸ் கட்டி, எலும்பு போன்ற கடினமானவை பிராக்கெட்டைப் பெயர்த்துவிடும். டாஃபி, சூயிங்கம் போன்றவை ஒட்டிக்கொண்டு வரவே வராது. கொய்யா, ஆப்பிள், கேரட்டைச் சின்னத் துண்டாக நறுக்கிப் பின்பற்களால் மெல்லலாம். குளிர்பானத்தில் சர்க்கரையும் உண்டு, அமிலமும் உண்டு. அதை மணிக்கணக்கில் உறிஞ்சிக்கொண்டிருந்தால் உமிழ்நீர் பல்லைச் சரிசெய்ய நேரமே கிடைக்காது. இடையிடையே இனிப்பைக் கொறிப்பதும் அப்படித்தான். நிறமில்லாத ரப்பர் வளையம் மஞ்சள்தூள் பட்டு மஞ்சளானால் கவலை வேண்டாம். அடுத்தமுறை வளையத்தை மாற்றும்போது சரியாகிவிடும்.

கம்பி போட்ட முதல் சில நாளும், ஒவ்வொரு முறை இறுக்கிய பிறகும் பல் வலிக்கும். அப்போது இட்லி, இடியாப்பம், குழைந்த தயிர்சாதம் கைகொடுக்கும். கம்பி முனை கன்னத்தைக் குத்தினால், மருத்துவர் தந்த மெழுகைச் சிறு உருண்டையாக்கி அதன்மேல் அழுத்துங்கள். வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளித்தால் புண்ணுக்கு இதமாக இருக்கும். பிராக்கெட் பெயர்ந்தால் அடுத்த தேதிவரை காத்திராமல் உடனே போன் செய்யுங்கள். பிராக்கெட் பெயர்ந்த பல் நகராமல் நின்றால் சிகிச்சை நீளும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கம்பிக்குச் செலவழித்த பணத்தைச் சொல்லிப் பிள்ளையைத் திட்டுவதைவிட, இரவில் இரண்டு நிமிடம் கண்ணாடி முன் கூடவே நின்று பாருங்கள். ஆரம்ப வெள்ளைத் திட்டை ஃபுளோரைடால் மேலும் பெருகாமல் தடுக்கலாம். ஆனால் தடம் முழுக்க மறையும் என்று சொல்ல முடியாது. பல்லை வரிசைப்படுத்துவது மருத்துவரின் வேலை. அந்த வரிசையில் நிற்கும் ஒவ்வொரு பல்லும் குறையில்லாமல் இருக்க, இன்று இரவே அந்த நான்கைந்து நிமிடத்தை ஒதுக்கிவிடுங்கள்.