ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் யாருக்குச் சொந்தம்?

வேலைக்கான ஒப்பந்தம் முடிந்துவிட்டது. கணக்கும் தீர்ந்துவிட்டது. அதன் பின்னும் ஒருவர் வேறிடம் செல்ல, புதிய முதலாளி பழைய முதலாளிக்குப் பணம் கட்ட வேண்டுமாம்! ஐரோப்பியக் கால்பந்தில் 1995 வரை இதுவே வழக்கம். அறிவியல் மாணவனாகிய எனக்குச் சட்டம் தூரத்து உறவுதான். எனினும் இவ்வழக்கு என்னை விடவில்லை.

ழான் மார்க் போஸ்மான் பெல்ஜியத்தின் லியேஜ் கழகத்தில் ஆடியவர். 1990 ஜூனில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. மாதம் 1,20,000 பிராங்க் பெற்றுவந்தவருக்குப் புதிய ஒப்பந்தத்தில் 30,000 தருவதாகக் கழகம் கூறியது. அவர் மறுத்தார். பிரான்சின் டன்கிர்க் கழகம் அவரை அழைத்தது. ஆனால் பெல்ஜியக் கால்பந்துச் சங்கத்தின் சான்றிதழ் இல்லாமல் அங்கே ஆட முடியாது. டன்கிர்க் பணம் கொடுக்குமா என்று ஐயுற்ற லியேஜ், சான்றிதழை அனுப்பும்படி சங்கத்தைக் கேட்கவே இல்லை. அவரையும் ஆட்டத்திலிருந்து நிறுத்திவைத்தது. கல்லூரி மாற நமக்கும் மாற்றுச் சான்றிதழ் தேவை. அதற்காக நம்மை யாரும் விலை பேசுவதில்லை. முன்பணம் வாங்கிய இடத்தை விட்டு என் தந்தை கடன் தீரும்வரை நகர்ந்ததில்லை. தீர்ந்தபின் அவரைத் தடுத்தவரும் இல்லை. போஸ்மானுக்கு அந்த உரிமைகூட இல்லை.

வழக்கு லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்திற்குச் சென்றது. தொழிலாளர் எந்த உறுப்பு நாட்டிலும் தடையின்றி வேலை செய்யலாம் என்பது 1957 ரோம் உடன்படிக்கையின் விதி. பணத்திற்காக ஆடும் விளையாட்டும் அதற்கு உட்பட்டதே என்று 1974-இல், சைக்கிள் பந்தய வழக்கொன்றில், அதே நீதிமன்றம் கூறியிருந்தது. ‘மாற்றுக் கட்டணம் இல்லாவிட்டால் ஏழைக் கழகங்கள் அழியும், இளைஞர்களை யாரும் பயிற்றுவிக்க மாட்டார்கள்’ என்று சங்கங்கள் வாதாடின. நோக்கம் சரி, வழி தவறு என்றது நீதிமன்றம். கட்டணம் இருந்த காலத்திலும் சிறந்த ஆட்டக்காரர்களைப் பணக்காரக் கழகங்கள்தானே வாங்கின? பயிற்சிக்கான உண்மைச் செலவுக்கும் கட்டணத்துக்கும் தொடர்பும் இல்லை. 1995 டிசம்பர் 15-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் முடிந்தவர் உறுப்பு நாடுகளுக்குள் செல்லக் கட்டணம் கேட்கக்கூடாது. கழக ஆட்டங்களில் பிற உறுப்பு நாட்டவருக்கு எண்ணிக்கை வரம்பும் கூடாது. தேசிய அணிகளுக்கு இது பொருந்தாது. அன்று போஸ்மானுக்கு வயது 31. ஆடும் பருவம் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது.

1999 டிசம்பர் 26-இல் இங்கிலாந்தின் செல்சீ கழகம், ஆங்கிலேயர் ஒருவர்கூட இல்லாத பதினொருவருடன் ஆட்டத்தைத் தொடங்கியது. சிறு கழகங்களின் அச்சம் முழுதும் பொய்யல்ல என்பதே என் எண்ணம். நீதிமன்றமும் 2010-இல், உண்மைச் செலவை ஒட்டிய பயிற்சி இழப்பீடு கேட்கலாம் என்று ஒப்புக்கொண்டது.

போஸ்மான் வழக்கில் தொடாமல் விட்ட போட்டிச் சட்டம் 2023 டிசம்பர் 21-இல் வந்தது. பீஃபாவும் யூஈஃபாவும் தாமே போட்டி நடத்துகின்றன. பிறர் நடத்தவும் அவற்றிடமே அனுமதி பெற வேண்டும். பந்தும் ஒருவர் கையில், விசிலும் அவர் கையில்! தெளிவான வரன்முறை இல்லாமல் அந்த அதிகாரத்தைச் செலுத்துவது, ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதே என்று தீர்ப்பாயிற்று. ‘சூப்பர் லீக்’ திட்டத்துக்கு அது அனுமதி வழங்கிவிடவில்லை.

2024 அக்டோபர் 4-இல் லசானா தியாராவின் வழக்கு. மாஸ்கோ கழகத்துடனான ஒப்பந்தம் முறிந்ததற்கு அவர் 1 கோடியே 5 லட்சம் யூரோ தர வேண்டும் என்றது பீஃபா. அவரைச் சேர்க்கும் கழகமும் அதற்குப் பொறுப்பு, சான்றிதழும் மறுக்கப்படலாம். பெல்ஜியத்தின் சார்லெருவா கழகம் அதனால் பின்வாங்கியது. மீண்டும் அதே சான்றிதழ்! இவ்விதிகள் இரு சட்டங்களுக்கும் முரணானவை என்றது நீதிமன்றம். அவ்வாண்டு டிசம்பரில் பீஃபா தன் விதிகளை இடைக்காலமாகத் திருத்தியது.