அட்டைப்பெட்டிக்குள் ஒரு பள்ளத்தாக்கு

மழை விட்ட மறுநாள் காலையில் மேகமலைச் சாலையோரம் நின்று மேற்கே பாருங்கள், பிள்ளைகளே. காலடியில் தேயிலை, பளிச்சென்ற பச்சை. அடுத்த முகடு கரும்பச்சை. கீழே சின்னமனூர், கம்பம் பக்கத்து வயல்களும் தென்னந்தோப்புகளும். அதையும் தாண்டிக் கேரள எல்லையில் நிற்கிற மலைகள் மட்டும் நீலமாக இருக்கும். அங்கே இருப்பதும் பச்சை இலைகள்தான். அப்படியானால் நீலம் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியை எங்களிடம் கொண்டுவந்தது ஒரு போர்விமானம். பொதுமக்கள் பார்க்கவரும் அறிவியல் கண்காட்சிக்காக எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு டயோரமா செய்தார்கள். கூடமாட உதவ நானும் இருந்தேன். டயோரமா என்பது ஒரு நிகழ்ச்சியை அதன் நிலம், மரம், வானத்தோடு சின்னதாகச் செய்து காட்டும் காட்சிப்பெட்டி. இந்தப் பெயர் 1822-இல் பாரிசில் பிறந்தது. லூயி டாகர் அங்கே பெரிய திரைஓவியத்தின்மேல் வெளிச்சத்தை மாற்றி மாற்றி விழச்செய்து, பார்ப்பவர் கண்முன் பகலை இரவாக்கிக் காட்டினார். புகைப்படக்கலையை உருவாக்கியவர்களில் ஒருவராகப் பின்னால் பெயர் பெற்றவரும் அவர்தான்.

பிள்ளைகள் எடுத்துக்கொண்ட நிகழ்ச்சி 1971 டிசம்பர் 14, ஸ்ரீநகர் விமானதளம். அன்று பாகிஸ்தானின் ஆறு சேபர் போர்விமானங்கள் தளத்தின்மேல் குண்டுவீச வந்தன. ஓடுபாதையில் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே நம் விமானப்படையின் இரண்டு ‘நாட்’ போர்விமானங்கள் மேலெழுந்தன. இரண்டாவதை ஓட்டியவர் பறக்கும் அதிகாரி நிர்மல் ஜித் சிங் செகோன். மூட்டத்தில் முன்னால் போன விமானம் கண்ணிலிருந்து மறைந்துவிட, அவர் தனியாக நின்று போரிட்டு உயிர் கொடுத்தார். போர்க்கள வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ராவை இந்திய விமானப்படையில் பெற்றவர் அவர் ஒருவரே. அவருடைய 18-ஆம் படைப்பிரிவு 2020 மே 27 அன்று தேஜஸ் விமானங்களோடு மீண்டும் பணிக்கு வந்தது. வந்த இடம், நம் கோயம்புத்தூர் அருகே இருக்கும் சூலூர்.

விமானம் விழுவதைக் காட்ட வேண்டாம், மேலெழும் கணத்தைக் காட்டுவோம் என்று சொன்னேன். குண்டு விழும் பாதையில் ஓடி ஏறியதுதான் அவர் எடுத்த முடிவு. பிள்ளைகள் மனதில் அது நிற்கட்டும் என்று நினைத்தேன்.

இனிக் கணக்கு. நாங்கள் எடுத்த அளவு 72-க்கு 1. நிஜத்தில் 72 சென்டிமீட்டர் இருப்பது பெட்டியில் 1 சென்டிமீட்டர். இது விமான மாதிரி செய்பவர்களுக்குப் பழகிய அளவு. இரண்டாம் உலகப்போர் நடந்த 1942-இல், எதிரி விமானத்தை அடையாளம் காணும் பயிற்சிக்காக அமெரிக்கப் பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மர மாதிரிகள் கேட்டார்கள். அவையும் இதே 72-க்கு 1 தான். ‘நாட்’ சுமார் 8.7 மீட்டர் நீளம். ஆக நம் மாதிரி 12 சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால் 18 மீட்டர் மரம் 25 சென்டிமீட்டர் வரவேண்டும்! விமானத்தைவிட மரம் இரண்டு மடங்கு. பலரும் மரத்தைப் புல் மாதிரி வைத்துவிடுவார்கள், காட்சி அங்கேயே கெட்டுவிடும். டிசம்பரில் காஷ்மீரத்துச் சினார் மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும். கவாத்து வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிகளை நிமிர்த்தி நட்டோம். கிளை பிரிந்து, கிளையிலிருந்து கிளை பிரிந்து, அச்சு அசலாகப் பெரிய மரமே நின்றது.

மலைதான் எங்களைத் திணறடித்தது. 1,500 மீட்டர் மலையை அதே அளவில் செய்தால் 21 மீட்டர் உயரம், பள்ளிக்கூடத்தைவிடப் பெரிது. சின்னதாகத்தானே செய்ய முடியும்? தெர்மாகோலில் செதுக்கி, மைதாப் பசையில் காகிதம் ஒட்டி, மூன்று வரிசை வைத்தோம். எல்லாவற்றுக்கும் கரும்பச்சை பூசி, உச்சியில் பனிக்குக் கோலமாவு தூவினோம். தள்ளி நின்று பார்த்த ஒரு பெண்பிள்ளை முகம் சுளித்தாள். “சார், மலை கிட்ட வந்து சுவரு மாதிரி நிக்குது.”

“உங்க வீட்டு வாசல்ல இருந்து பாத்தா எப்படி இருக்கும்?” என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “கடைசி மலை நீலமா, வெளுத்துப்போயி இருக்கும்” என்றாள்.

விடை அதுதான். சூரிய ஒளி காற்றின் மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும்போது, சிவப்பைவிட நீலம் நான்கு மடங்குக்கும் மேல் சிதறுகிறது. நமக்கும் மலைக்கும் நடுவே இருபது கிலோமீட்டர் காற்று இருந்தால், அந்தக் காற்று முழுவதும் சிதறிய நீல ஒளி நம் கண்ணுக்கு வருகிறது. மலையின் பச்சை அதில் அமுங்கிப்போகிறது. மேகமலையின் மூடுபனி மட்டும் ஏன் வெள்ளை? அதிலிருக்கும் நீர்த்துளிகள் ஒளி அலையைவிட மிகப் பெரியவை. எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிக்கின்றன, எல்லாம் கலந்தால் வெள்ளை.

முப்பது சென்டிமீட்டர் பெட்டிக்குள் அவ்வளவு காற்றை எப்படி அடைப்பது? வண்ணத்தில் அடைத்தோம். நடு மலைக்குப் பச்சையோடு கொஞ்சம் நீலமும் வெள்ளையும், கடைசி மலைக்கு வெளிறிய நீலம் மட்டும். சேபர் விமானங்களை 144-க்கு 1 அளவில் செய்தோம். நிஜத்தில் ‘நாட்’டைவிடச் சேபர் பெரியது. பாதி அளவில் செய்தால் கண் அதைத் தொலைவில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது.

மேலெழும் விமானத்தைக் கம்பியில் நிறுத்தினால் கம்பி தெரியுமே? குண்டு கிளப்பிய புழுதிக்குள் ஒளித்தோம். புழுதிக்குப் போடியிலிருந்து வந்த இலவம்பஞ்சு. ஒரு டம்ளர் தண்ணீரில் இதைக் கிள்ளிப் போடுங்கள், பக்கத்தில் இன்னொரு டம்ளரில் மருந்துக்கடைப் பஞ்சைப் போடுங்கள். மருந்துக்கடைப் பஞ்சு நனைந்து மூழ்கும், இலவம்பஞ்சு மிதக்கும். அதன் ஒவ்வொரு இழையும் உள்ளே காற்றடைத்த குழல், மேலே மெழுகுப்பூச்சு. ஒருகாலத்தில் கடற்படை வீரர்களின் உயிர்காப்பு அங்கிகளில் இதைத்தான் அடைத்தார்கள். அந்த மெழுகால்தான் தண்ணீர் கலந்த சாயம் இதில் பிடிக்கவில்லை. சலித்த மண்ணை உலர்வாகத் தேய்த்தோம். ஒன்றை மறக்காதீர்கள்: இலவம்பஞ்சு தீயை உடனே பற்றிக்கொள்ளும். சூடாகும் குண்டு பல்பு கூடவே கூடாது, எல்இடி விளக்கு மட்டும்தான்.

கண்காட்சியில் பெட்டியைத் தாழ்வான மேசையில் வைத்தோம். மேலிருந்து பார்த்தால் வெறும் அட்டை. குனிந்து ஓடுபாதைக்கு நேராகக் கண்ணை வைத்தால் பள்ளத்தாக்கு. பெரியவர்கள் ஒவ்வொருவராக முழங்காலில் கையூன்றிக் குனிந்தார்கள். குனிந்த ஒரு தாத்தா நெடுநேரம் நிமிரவே இல்லை.

“அந்தக் கடைசி மலை எம்புட்டு தூரம்மா?” என்று கேட்டார்.

“முப்பது சென்டிமீட்டர், தாத்தா” என்றாள், அன்று முகம் சுளித்த அந்தப் பெண்பிள்ளை.