கைநழுவும் முன்

2025 ஜூன் 22 அன்று என்.பி.ஏ. கூடைப்பந்து இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி 103-91 என்று இண்டியானா பேசர்ஸை வென்று கோப்பையைக் கைப்பற்றியது. அந்த இரண்டு அணிகளையும் அங்கே கொண்டுவந்து நிறுத்தியதில், அன்று களத்திலேயே இல்லாத பால் ஜார்ஜுக்குப் பெரும் பங்கு உண்டு. இண்டியானாவின் நட்சத்திரமாக இருந்த அவர், 2018இல் ஒப்பந்தத்திலிருந்து விடுபட வழி கிடைத்ததும் போய்விடுவேன் என்று ஓராண்டு முன்பே நிர்வாகத்திடம் சொல்லிவிட்டார். சில வாரங்களில் பேசர்ஸ் அவரை ஓக்லஹோமாவுக்குக் கொடுத்து விக்டர் ஓலாடிப்போ, டொமாண்டாஸ் சபோனிஸ் என்ற இரு இளைஞர்களை வாங்கியது. அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்கள் என்று அப்போது பலரும் ஏசினார்கள். ஆனால் ஓலாடிப்போ அடுத்த பருவத்திலேயே ஆல்-ஸ்டார் ஆனார்; 2022இல் சபோனிஸைக் கொடுத்து வாங்கிய டைரீஸ் ஹாலிபர்ட்டன்தான் பேசர்ஸை இறுதிப்போட்டி வரை இழுத்துவந்தார். ஓக்லஹோமாவும் 2019இல் ஜார்ஜை கிளிப்பர்ஸுக்கு விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு வந்தவர்களில் ஒருவரான ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் அந்த ஏழாவது ஆட்டத்தில் 29 புள்ளிகள் எடுத்தார்.

போகப்போகிற நட்சத்திரத்தை முன்கூட்டியே மாற்றிக்கொள்வதுதான் சரி என்று நான் சொல்வதற்கு அடிப்படை, என்.பி.ஏ.வின் சம்பள விதி. ஒப்பந்தம் முடிந்த வீரர் விரும்பிய அணிக்குப் போகலாம். விதிப்படி பழைய அணிக்கு இழப்பீடு என்று எதுவும் வராது. அவருக்குக் கொடுத்த சம்பளம் மிச்சம்தானே, அதில் இன்னொரு நட்சத்திரத்தைப் பிடிக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். தன் சொந்த வீரரைத் தக்கவைத்துக்கொள்ள அணி சம்பள உச்சவரம்பைத் தாண்டலாம். வெளியிலிருந்து அதே தரத்தில் ஒருவரைக் கொண்டுவர அந்தச் சலுகை கிடையாது. மற்ற வீரர்களின் சம்பளமே வரம்பை நெருங்கியிருந்தால், போனவரின் இடம் வெற்றிடமாகவே கிடக்கும். 2010இல் லெப்ரான் ஜேம்ஸ் போனதும் கிளீவ்லாந்துக்கு ஈடாக ஒரு வீரர்கூட வரவில்லை; கிடைத்தவை முக்கியமாக எதிர்கால டிராஃப்ட் (புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்) உரிமைகள்தான். முந்தைய பருவத்தில் 61 ஆட்டங்களை வென்ற அணி அடுத்த பருவத்தில் 19 வென்றது; அதில் தொடர்ந்து 26 தோல்விகள்.

கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது யாராவது விற்பார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2016இல் கெவின் டுரான்டை வைத்துக்கொண்டு ஓக்லஹோமா கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிரான தொடரில் 3-1 என்று முன்னிலையில் இருந்தது. ஆறாவது ஆட்டத்தில் சொந்த மைதானத்தில் கடைசிக் கால்பகுதி தொடங்கும்போதும் அவர்கள் கைதான் ஓங்கியிருந்தது. கிளே தாம்ப்சன் அன்று 11 மூன்று-புள்ளி எறிதல்களைக் கூடைக்குள் போடாமல் இருந்திருந்தால் கதையே வேறு. டுரான்ட் அந்த ஜூலையிலேயே கோல்டன் ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். ஓக்லஹோமாவுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனாலும் அவரை வைத்திருந்ததை நான் குறை சொல்லமாட்டேன். ஓராண்டே மிச்சமிருந்த கவாய் லெனர்டை டொராண்டோ துணிந்து வாங்கி 2019இல் கோப்பையே வென்றது. அவர் உடனே போனபோதும் அங்கே யாருக்கும் நஷ்டமில்லை. இந்த விதிவிலக்கு உண்மையிலேயே உச்சியில் நிற்கும் அணிக்கு மட்டும்தான். முதல் சுற்றிலேயே வெளியேறும் அணி அதைச் சொல்லித் தன்னை ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. தன் நட்சத்திரம் கியானிஸை மில்வாக்கி விற்காமல் காத்திருந்து, 2020 டிசம்பரில் அவர் ஒப்பந்த நீட்டிப்பில் கையெழுத்திட, 2021இல் கோப்பை வென்றதையும் சிலர் காட்டுவார்கள். ஆனால் கியானிஸ், ஜார்ஜைப் போல ‘போகிறேன்’ என்று சொல்லியிருக்கவில்லை.

நட்சத்திரத்தை விற்கும்போது ரசிகர்கள் படும் வருத்தம்தான் எனக்குக் கனமாகப் படுகிறது. வீரரின் பெயர் போட்ட சட்டையோடு வரும் சிறுவனுக்குச் சம்பள வரம்பு புரியாது. ஆனால் அவன் அடுத்த ஐந்தாண்டுகளும் அதே அரங்கத்துக்கு வர வேண்டுமே. 2011 பிப்ரவரியில் டென்வர் கார்மெலோ ஆன்டனியை நியூயார்க்குக்குக் கொடுத்தது. அதில் கிடைத்தவற்றில் ஒன்று, 2016 டிராஃப்டில் நியூயார்க்கோடு இடம் மாற்றிக்கொள்ளும் உரிமை. அதை வைத்து ஏழாவது இடத்தில் எடுத்த ஜமால் மர்ரே, 2023இல் டென்வரின் முதல் கோப்பையை வென்ற அணியில் ஆடினார். ஆன்டனி கைமாறிய அன்று மர்ரே கனடாவில் 13 வயதுப் பையன்.