உங்களுக்குத் தெரியுமா? ‘காசாபிளாங்கா’வின் தவிக்கும் கண்கள்

மைக்கேல் கர்ட்டீஸ் இயக்கி 1942-இல் வெளிவந்த ‘காசாபிளாங்கா’வின் படப்பிடிப்பு தொடங்கியபோது திரைக்கதை முழுமையடையாததால், தாம் ஏற்ற இல்சா இறுதியில் கணவர் லாஸ்லோவுடன் செல்வாளா, முன்னாள் காதலர் ரிக்குடன் தங்குவாளா என்பதை அறியாமலேயே இங்கிரிட் பெர்க்மன் நடிக்க நேர்ந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் நடிக்குமாறு இயக்குநர் கூறியதாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்த நிச்சயமின்மையே அவரது பார்வையில் காதலின் தவிப்பாகப் படிந்தது எனலாம். அண்மைக் காட்சிகளில் லென்சின் முன் மெல்லிய வலைத்துணியிட்டு முகத்தின் கூர்மையைக் குறைத்த ஒளிப்பதிவாளர் ஆர்தர் எடசன், கண்மணிகளில் சிறு ஒளிப்புள்ளிகள் மின்னுமாறும் விளக்குகளை அமைத்தார். ரிக்காக நடித்த ஹம்ஃப்ரி போகார்ட் பெர்க்மனைவிடச் சற்றே உயரம் குறைந்தவராதலால், சில காட்சிகளில் உயர்ந்த அடிப்பாகமுள்ள காலணிகளை அணிந்தார். திரையில் அத்தனை நெருக்கம் காட்டிய இவ்விருவரும் வேறெந்தப் படத்திலும் இணைந்து நடிக்கவில்லை.